மூக்காயியின் மூங்கில் நெல்

ஒரு காட்டில் அந்த வருடம் மூங்கில் பூத்து நெல் உதிர்ந்தது, குழந்தைகளே! மூக்காயி என்ற எலி அதை ஓடி ஓடிப் பொறுக்கித் தன் வளையில் குவித்தாள். மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. வயிற்றில் வேறு குட்டிகள். அந்தக் குவியல்தான் அவற்றுக்கு உயிர்.

ஒருநாள் காலையில் பார்த்தால், குவியல் இறங்கியிருந்தது. சுற்றிலும் உமி!

"எவனோ வந்து தின்னுட்டுப் போயிருக்கான்! உமியை இங்கேயே துப்பிட்டுப் போக எவ்வளவு திமிர் இருக்கணும்!" என்று மூக்காயி பல்லைக் கடித்தாள்.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவளுக்குச் சந்தேகம். முயல் மூக்கை அசைத்தால், 'என் நெல்லைத்தான் மோப்பம் பிடிக்கிறான்' என்று நினைப்பாள். புறா கண்ணை மூடியிருந்தால், 'தூங்குவதுபோல் நடிக்கிறாள்' என்பாள்.

பக்கத்து மரத்து அணில் வரியன் வழக்கம்போல, "சாப்பிட்டாச்சா அக்கா?" என்று கேட்டான்.

'நான் சாப்பிட்டால் இவனுக்கு என்ன, சாப்பிடாவிட்டால் இவனுக்கு என்ன?' என்று நினைத்து மூக்காயி வெடுக்கென்று உள்ளே போய்விட்டாள்.

பிறகு நெல் பொறுக்கப் போவதையும் விட்டுவிட்டாள். குவியல்மேல் ஏறி உட்கார்ந்து வாசலையே முறைத்துக்கொண்டிருந்தாள். என்ன அநியாயம்! காவல் இருக்க இருக்கக் குவியல் இன்னும் வேகமாகக் குறைந்தது. வானத்தில் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. 

மூக்காயி நேரே வரியனிடம் போனாள். "திருட்டுப் பயலே! என் குட்டிங்க சோத்துல கை வெச்சிட்டியேடா!"

வரியனுக்குச் சுருக்கென்றது. "நானா? உன் நெல்லை நான் தொட்டதே இல்லையே அக்கா!"

"தொடாதவன் ஏன்டா தினமும் சாப்பிட்டாச்சான்னு கேக்குற?"

வரியன் வாலை ஆட்டிக்கொண்டு அவள் வாயைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தான். "சரி. இன்னிக்கு நீ உள்ளேயே இருந்து, வாசலை மண் வெச்சு அடைச்சுக்கோ. எறும்பு நுழையக்கூட வழி விடாதே. சாயங்காலம் நெல்லு குறையாம இருந்தா நான்தான் திருடன். இந்தக் காட்டை விட்டே போயிடறேன்."

'இதில் என்ன சூது இருக்கிறதோ!' என்று நினைத்தபடியே மூக்காயி வாசலை அடைத்தாள். சுவரெல்லாம் தட்டிப் பார்த்தாள். எங்கும் ஓட்டை இல்லை. குவியல்மேல் உட்கார்ந்தாள். 'ஒருவேளை முயலாக இருக்குமோ? புறாவும் கூட்டோ?' என்று யோசித்து யோசித்தே பொழுது போனது.

சாயங்காலம் மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "அடைப்பு அப்படியேதான் இருந்துச்சு! ஆனா நெல்லு குறைஞ்சிருக்குடா!"

"உள்ளே யாரு இருந்தா அக்கா?"

"வேற யாரு? நான் மட்டும்..."

பல்லிடுக்கில் ஏதோ உறுத்தியது. நாக்கால் தள்ளித் துப்பினாள்.

உமி!

கவலை வந்தால் கொறிப்பது மூக்காயியின் பழக்கம். கொறிப்பது அவளுக்கே தெரியாது. சந்தேகம் ஏற ஏறக் கொறிப்பும் ஏறியிருந்தது.

மூக்காயி வெட்கத்தில் குறுகிப்போனாள். "என் குட்டிங்க சோத்தை நானே தின்னிருக்கேனே! உன்னைப் போய்த் திருடன்னு சொல்லிட்டேனே தம்பி! இனிமே ஒரு மணி நெல்லுகூடத் தொடமாட்டேன், சத்தியம்!" என்று அழுதுகொண்டே, மிச்சம் எவ்வளவு என்று பார்க்க உள்ளே ஓடினாள்.

உடனே உள்ளிருந்து கொறுக், கொறுக் என்று சத்தம் வந்தது.

"அக்கா!" என்று வரியன் கத்தினான்.

"ஐயையோ, மறுபடியுமா!"

"சத்தியமெல்லாம் உன் வாய்க்குத் தெரியாது. நெல்லுக்கு முன்னால மண்சுவர் எழுப்பிடு. எடுக்கணும்னா இடிக்கணும். இடிக்கிறப்போ தெரிஞ்சிடும் இல்ல? கவலை வந்தா இதைக் கொறி" என்று காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே உருட்டிவிட்டான்.

மூக்காயி சுவர் எழுப்பினாள். அப்படியும் கை சும்மா இருக்கவில்லை. அடிக்கடி அவளை அறியாமல் சுவரைப் பிறாண்டியது. நகத்தில் மண் பட்டதும் திடுக்கிட்டுக் குச்சியைத் தேடுவாள். மழை வரும்வரை இருந்த பொழுதில் மறுபடியும் ஓடி ஓடி நெல் பொறுக்கினாள்.

மழை வந்தது. குட்டிகளும் பிறந்தன. குச்சி நார்நாராகிப் போனது. நெல் மட்டும் மழை முடியும்வரை தாங்கியது.

வெயில் வந்ததும் மூக்காயி குட்டிகளோடு வெளியே வந்தாள்.

"சாப்பிட்டாச்சா அக்கா?" என்று மரத்திலிருந்து குரல் வந்தது.

"நேத்தோட நெல்லு தீர்ந்துபோச்சு தம்பி. ஆனா இதுங்களைப் பாரேன், எப்படிக் கொழுகொழுன்னு இருக்குதுங்க!" என்று மூக்காயி வாய்விட்டுச் சிரித்தாள்.

நீதி: நம் கெட்ட பழக்கத்தால் வந்த நஷ்டத்துக்குப் பிறர்மேல் பழி போடும்வரை அந்தப் பழக்கம் நம்மை விடாது.