வேற ஊர் ஒத்துக்காத நாற்காலி

மரவேலை மன்றத்தில் அவரவர் செய்ததைக் காட்டும் நாள் அது. புதிதாகச் சேர்ந்த செல்லக்கனி தன் ஸ்டூலை மேடையில் வைத்தாள். தலைவர் ஞானசிகாமணி ஒரு விரலால் அமுக்கினார். டொக்கு டொக்கென்று ஆடியது.

"ரம்பம், உளி படாம இப்பவே ஆட்டத்தை நிறுத்து. இல்ல, மன்றத்தை விட்டுப் போ!"

"நிறுத்திட்டுத்தான் போவேன் சார்." ஸ்டூலைத் தரையில் இறக்கி, அதன்மேல் ஏறி நின்றாள். துளியும் அசையவில்லை.

"மேடை யார் செஞ்சது சார்?"

"நான்தான்! இதோ மேடையில நிக்கிற என் நாற்காலிக்கும் இதுல வச்சுத்தான் கால் மட்டம் பார்த்தேன். ஆடுதா பாரு!"

"அதையும் கீழ இறக்குங்களேன்."

வீம்புக்கு இறக்கி உட்கார்ந்தார். நாற்காலி அவரைத் தொட்டிலில் போட்டதுபோல் ஆட்டியது. "மேடைதான்யா கோணல்!" என்று கூட்டம் சிரித்தது. தலைவர் அவசரமாக நாற்காலியை மேடையிலேயே ஏற்றினார்.

"அங்கேயே இருக்கட்டும் சார்," என்றாள் செல்லக்கனி, ஸ்டூலில் நன்றாகச் சம்மணம் போட்டு. "அதுக்கு வேற ஊர் ஒத்துக்காது."