மத்தியானச் சுளிப்பு

"நான் என்ன செஞ்சேன் சாமி?"

வடிவு கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இடுப்பில் இருந்த பேச்சி அவள் தாலிக்கயிற்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பல் முளைக்கிற நேரம். கையில் கிடைத்ததை எல்லாம் கடிப்பாள், கடித்துவிட்டு அழுவாள். அவளைத் தூக்கிச் சுமந்தே வடிவுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். விளக்கு அப்போதுதான் ஏற்றியிருந்தது.

மலையடிவாரத்து மடம் அது. அந்த மடத்துச் சாமி விடிந்தால் வாயை மூடுவார், விளக்கேற்றினால்தான் திறப்பார். வயசொன்றும் அதிகமில்லை. வடிவோடு பிறந்த அண்ணன் வயசுதான் இருக்கும். பகலெல்லாம் பேச்சில்லை என்பதால் மடத்தில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தே நடந்துகொண்டார்கள்.

முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒருவர் இருந்தார். மூத்த சீடர் நெல்லையப்பன். சாமிக்கு அப்பா வயசு.

சாமியின் புருவம் லேசாக மேலே ஏறினால், "சரின்னுட்டாக" என்பார்.

நெற்றி சுருங்கினால், "ஆகாதுன்னுட்டாக" என்பார்.

அதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது.

சாமி யாரைப் பார்த்து முகம் சுளிக்கிறாரோ, அவருக்கு மடத்தில் ஒருத்தரும் முகம் கொடுக்க மாட்டார்கள். திட்ட மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள். வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். அவ்வளவுதான். அதற்கே ஆள் மூட்டையைக் கட்டிவிடும்.

போன மாசம் பாட்டுக்காரர் சங்கரலிங்கம் அப்படித்தான் போனார். பந்தி நடக்கும்போது உட்கார்ந்து பதிகம் பாடுகிறவர். அன்றைக்கு இலையில் பாயசம் விழுந்தது, சாமி ஒரு வாய் எடுத்தார், பாட்டுக்காரரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டார். மறுநாள் பந்தியில் பாட்டு இல்லை.

"மத்தியானத்துலதான் சாமி உள்ளதை உள்ளபடி காட்டுவாக" என்று நெல்லையப்பன் சொல்லி வைத்திருந்தார்.

இன்றைக்கு மத்தியானம் அந்தச் சுளிப்பு வடிவுக்கு வந்தது.

குழம்பு வாளியோடு வரிசையாக வந்தாள். சாமி இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள். சாமி பிசைந்து ஒரு வாய் வைத்தார். நெற்றி சுருங்கியது. ரெண்டு புருவமும் கிட்டக் கிட்ட வந்தன. கண் நிமிர்ந்து நேரே அவளைப் பார்த்தது.

பந்தியும் அவளைப் பார்த்தது.

அடுக்களையில் சமையல்காரி ஆவுடையம்மாள் பதறிப்போனாள்.

"என் குழம்பையா அண்ணாச்சி சுளிச்சாக?"

"இல்ல ஆவுடை. ஊத்துன கையைச் சுளிச்சாக" என்றார் நெல்லையப்பன்.

"அதானே பார்த்தேன்!" ஆவுடையம்மாளுக்கு மூச்சு வந்தது. வடிவு பக்கம் திரும்பாமலே, "கரண்டியை அங்கன வச்சிருங்க" என்றாள்.

அதுவரை 'ஏளா வடிவு' என்று உரிமையோடுதான் கூப்பிடுவாள். ஒரே நாளில் 'வச்சிருங்க' ஆகிவிட்டது. வடிவு கரண்டியை வைத்தாள்.

"நாளைக்குச் சாப்பிட்டுட்டுக் கிளம்பிரும்மா" என்றார் நெல்லையப்பன். "வெறும் வயித்தோட அனுப்புத வழக்கம் இங்க இல்லை."

கிளம்பலாம். எங்கே போக?

அவள் இந்த மடத்துக்கு வந்ததே ஒரு முகத்துக்குப் பயந்துதான்.

புருஷன் லாரியோடு வடக்கே போகிறவன். வீட்டில் அவளும் அத்தையும்தான். அத்தை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. ஆனால் வடிவு எந்த வேலையாக எங்கே திரும்பினாலும், வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்ற கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கியபடி அத்தை நின்றுகொண்டிருப்பாள்.

திட்டினால் பதில் சொல்லலாம். முகத்துக்கு என்ன பதில் சொல்ல?

சோறு குழைந்துபோச்சோ? பிள்ளையை அழ விட்டோமோ? தண்ணீரை அதிகம் கொட்டினோமோ? நான் என்ன செஞ்சேன், நான் என்ன செஞ்சேன் என்று அவளுக்குள்ளேயே கேட்டுக் கேட்டு, பிள்ளைக்குப் பால்கூட வற்றுகிற மாதிரி ஆனது. ஒரு நாள் காலையில் பேச்சியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே அண்ணி கதவைத் திறந்து முகத்தைக் காட்டினாள். வாசலில் கழற்றிய செருப்பை வடிவு அப்படியே மறுபடி போட்டுக்கொண்டாள்.

மடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டார்கள், கரண்டியைக் கொடுத்தார்கள். சாமி முகம் அப்போது சும்மா இருந்தது. அது போதுமாக இருந்தது அவளுக்கு.

இப்போது அதுவும் சுளித்துவிட்டது.

"எப்போ?" என்று கேட்டார் சாமி.

"இன்னிக்கு மத்தியானம் சாமி. குழம்பு ஊத்தும்போது. என்னைப் பார்த்து முகம் சுளிச்சீக."

"சுளிச்சேனா?"

"ஆமா சாமி."

சாமி எச்சிலை மெல்ல விழுங்கினார். அவர் முகமும் அசந்துபோய்த்தான் இருந்தது.

"அந்த முகம் உன்கிட்ட என்ன சொல்லிச்சு?"

வடிவு யோசிக்கவே இல்லை. எல்லாம் தயாராக இருந்த மாதிரி வந்தது.

"நீ வீட்டுக்கு அடங்காம வந்தவ. கைப்பிள்ளையோட ஊர் சுத்துதவ. சுத்தபத்தம் இல்லாத கையால பந்திக்கு ஊத்துதவ. நீ எந்த வாசல்ல போய் நின்னாலும் அங்க ஒரு முகம் இப்படித்தான் இருக்கும். இதான் சாமி சொல்லிச்சு."

"இம்புட்டுமா?"

"ஆமா."

"நான் இம்புட்டுப் பேச ஒரு மாசம் ஆகுமே" என்றார் சாமி.

வடிவுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பக்கத்தில் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த நெல்லையப்பனைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. நாளைக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சாமியிடம் சொல்ல நினைத்தாள். நெல்லையப்பன் பக்கத்தில் நிற்கும்போது வாய் வரவில்லை.

பேச்சி கயிற்றைத் துப்பிவிட்டு முகத்தைக் கோணினாள். அழுகை வரப்போகிறது.

"இவளும் சுளிக்காளே" என்றார் சாமி.

"காலையிலேருந்து இப்படித்தான் சாமி."

"இவகிட்டயும் கேட்டியா? 'நான் என்ன செஞ்சேன் பேச்சி'ன்னு?"

இப்போது சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிள்ளைகிட்ட யாராவது அப்படிக் கேப்பாகளா?"

"பின்னே எப்படிக் கேப்பே?"

"என்னம்மா செய்யுதுன்னு கேப்பேன்."

"ம்" என்றார் சாமி. கண்ணை மூடிக்கொண்டார்.

வடிவு காத்து நின்றாள்.

"போதும்மா. சாமி அசந்திருக்காக" என்றார் நெல்லையப்பன்.

கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள். வருத்தம்கூட வரவில்லை. வருத்தப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் பந்தி.

மூட்டையைத் தூணோரம் சாய்த்துவிட்டு வடிவு கடைசி இலையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் இலையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அங்கே இருந்து பார்த்தால் நேர் எதிரே சாமி.

இத்தனை நாளில் சாமி சாப்பிடுவதை அவள் நின்று பார்த்ததே இல்லை. பரிமாறுகிறவள் இலையைத்தான் பார்ப்பாள், அடுத்த இலைக்குப் போவாள். இன்றைக்குக் கையில் கரண்டி இல்லை. போகிற பெண் எங்கே பார்த்தால் யாருக்கென்ன? பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமி செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

நெற்றி சுருங்கியது. புருவம் கூடியது.

பந்தி அப்படியே நின்றது. பிசைந்த கை பிசைந்தபடி இருந்தது. யாரை, யாரை என்று எல்லாத் தலையும் திரும்பிற்று.

சாமியின் கண் நடுத்தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தூணு" என்றார் ஒருவர் மெதுவாக.

"தூண்ல என்னமோ குத்தம் இருக்கு" என்றார் நெல்லையப்பன். "எனக்கும் தோணிக்கிட்டேதான் இருந்தது."

ஆவுடையம்மாள் கைப்பிடித் துணியோடு ஓடிவந்து தூணைத் துடைக்க ஆரம்பித்தாள். "பல்லி எச்சமாத்தான் இருக்கும் அண்ணாச்சி!"

"துடைச்சாப் போகாது. சுண்ணாம்பே அடிச்சிரணும்."

வேறு நாளாக இருந்தால் வடிவுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

மடியில் இருந்த பேச்சிக்கு ஒரு பருக்கையை நசுக்கி ஊட்டினாள். பேச்சி வாயை அசைத்தாள். சட்டென்று நெற்றி சுருங்கியது. இடது கண் இடுங்கியது. இடது கன்னம் உள்ளே போயிற்று, பிறகு நாக்கு முட்டி வெளியே புடைத்தது.

"என்னம்மா செய்யுது?" என்றாள் வடிவு, தன்னை அறியாமல்.

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள்.

எதிரே சாமிக்கு இடது கண் இடுங்கியிருந்தது. இடது கன்னம் உள்ளே போயிற்று. பிறகு நாக்கு முட்டி வெளியே புடைத்தது. அடுத்த வாயை அவர் வலது பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

வடிவின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

மத்தியானத்தில் சாமியிடம் யாரும் பேசக் கூடாது. சாமியாகப் பார்த்தால் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வடிவின் வாய் திறந்ததைப் பார்த்து நெல்லையப்பன் வேகமாகத் தலையை ஆட்டினார். அவள் பார்க்கவில்லை. பிள்ளையிடம் கேட்ட அதே குரல்தான் வந்தது. அதே மாதிரி, கொஞ்சம் அலுப்போடு.

"என்ன செய்யுது சாமி?"

தூணைத் துடைத்த கை நின்றது.

சாமி செம்பைக் கீழே வைத்தார். அவளையே பார்த்தார். இவ்வளவு நாளும் யாரோ வருவார்கள் என்று வாசலைப் பார்த்திருந்தவர் பார்க்கிற மாதிரி இருந்தது அது.

"பல்லு" என்றார்.

விளக்கேற்ற இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது.

"பல்லா?" நெல்லையப்பன் எழுந்தேவிட்டார். "எப்போலேருந்து சாமி?"

"ஐப்பசியிலேருந்து."

"ஐப்பசியா... ரெண்டு மாசமாச்சே..." அவர் குரல் இறங்கியது. "அப்போ அந்தப் பாட்டுக்காரரு..."

"அவருக்கென்ன?" என்றார் சாமி. "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரே. நல்ல குரலு. அவரு பாடினா எனக்கு வலியே தெரியாது."

பக்கத்து அம்மாள் தன் இலையைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டாள்.

சாமி கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"கிராம்பு இருக்கா வடிவு?"

அவள் எழுந்தாள். பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தாள். கிட்டத்தில் நின்றவர் நெல்லையப்பன்தான். அவர் கையில் வைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

பின்னாலேயே ஆவுடையம்மாளின் குரல் வந்தது.

"ஏளா! மேல் தட்டுல சீரக டப்பாவுக்குப் பின்னால பாரு. அங்கன இல்லாட்டி அஞ்சறைப் பெட்டியில கிடக்கும்."

ஏளா.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டில் துழாவினாள்.

வெளியே பேச்சி புது ஆளைப் பார்த்து முகத்தைச் சுருக்கியிருக்க வேண்டும். நெல்லையப்பன் தடுமாறித் தடுமாறிக் கேட்பது கேட்டது. பழக்கமில்லாத பாஷையைப் பேசுகிறவர் மாதிரிக் கேட்டார்.

"என்னம்மா? உனக்கு... உனக்கு என்ன செய்யுது?"

கிராம்பு கிடைத்தது. சின்ன உரலில் போட்டு இடித்தாள். ஒரு இடி, ரெண்டு இடி.

உலக்கை மேலேயே நின்றது.

அத்தை இடுப்பில் ஊன்றுவது எப்போதும் வலது கைதான். எப்போதும் அதே இடத்தில்தான். மற்ற கை வாசல் நிலையைப் பிடித்திருக்கும், விழுந்துவிடாமல்.