தரையைத் தட்டிய வெள்ளெலி

ஒரு காட்டில், ஆற்றோரப் பள்ளத்தில், ஒரு வெள்ளெலி அம்மா வளை தோண்டிக் குடியிருந்தாள். அவளுக்கு இன்னும் கண் திறக்காத நான்கு குட்டிகள்.

அந்தக் காட்டில் சேதி சொல்வது குரங்குகள்தான். மலையில் வெள்ளம் புறப்பட்டால் உச்சிக் குரங்கு கத்தும். அதைக் கேட்டு அடுத்த மரத்துக் குரங்கு கத்தும். இப்படி மரத்துக்கு மரம் தாவிச் சேதி பள்ளத்துக்கு வந்துவிடும்.

வெள்ளெலியின் அக்கா மேலே பாறை மேட்டில் இருந்தாள். இருவரும் பின்னங்காலால் தரையைத் தட்டித் தினமும் பேசிக்கொள்வார்கள். மூன்று தட்டு என்றால், "சாப்பிட்டாயா?" இரண்டு தட்டு என்றால், "ஆச்சு."

"தினமும் இதேதானா? வேறு வேலையே இல்லையா உனக்கு? முக்கியமான சேதி என்றால் நாங்கள் கத்த மாட்டோமா?" என்று பள்ளத்துக் குரங்கு கேலி செய்யும். வெள்ளெலி வெட்கப்பட்டு வளைக்குள் போய்விடுவாள்.

ஒரு நாள் காலையில் புயல் வந்தது. மரங்கள் மடமடவென்று முறிந்தன. காற்றின் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

"குரங்கு கத்தவில்லை. அப்படியென்றால் வெள்ளம் இல்லை," என்று சொல்லி, பக்கத்துப் புதரில் இருந்த மான் தன் கன்றை அணைத்துப் படுத்துக்கொண்டது.

வெள்ளெலிக்கு மனசு கேட்கவில்லை. 'கத்தவே இல்லையா? கத்தியும் நமக்குக் கேட்கவில்லையா?'

மூன்று முறை தட்டினாள்.

பதில் இரண்டு தட்டாக வரவில்லை. காலடியில் தரை தடதடவென்று நிற்காமல் அதிர்ந்தது. சின்ன வயதில் பாம்பைக் கண்டால் அக்கா அப்படித்தான் தட்டுவாள். ஓடு! ஓடு!

"மான் அக்கா, எழுந்திருங்கள்! தண்ணீர் வருகிறதாம். என் அக்கா சொல்கிறாள்!"

"யாரு, சாப்பாடு விசாரிக்கிறாளே, அவளா?" என்று மான் சிரித்தது.

வெள்ளெலி வாதாடவில்லை. ஒரு குட்டியை வாயில் கவ்வி மேட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்து இரண்டாவது. மூச்சு வாங்க மூன்றாவது.

மான் பார்த்துக்கொண்டே இருந்தது. 'விளையாட்டுக்கு யாராவது பச்சைப் பிள்ளையை மழையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களா?' சட்டென்று எழுந்தது. காட்டுப்பன்றி, நரி எல்லாரையும் முட்டி எழுப்பி, கன்றையும் மேட்டுக்கு விரட்டியது.

நான்காவது குட்டியோடு வெள்ளெலி வெளியே வருவதற்குள் தண்ணீர் வளைவாசலுக்கு வந்துவிட்டது. கால் தரையில் பாவவில்லை.

அப்போது மான் தண்ணீரில் இறங்கித் தலையைத் தாழ்த்தியது. "ஏறிக்கோ தங்கச்சி, கெட்டியாகப் பிடி!"

மறுநாள் புயல் ஓய்ந்தது. தொண்டை கட்டிப்போய்ப் பள்ளத்துக் குரங்கு மேட்டுக்கு வந்தது.

"தண்ணீரைக் கண்டதும் உயிர் போகக் கத்தினேன் தங்கச்சி. ஒருத்தருக்கும் கேட்கவில்லை."

"உங்கள் மேல் என்ன தப்பு அண்ணா?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "அந்தத் தட்டுகிற வித்தையை... எனக்கும் சொல்லிக் கொடுப்பாயா?"

சொல்லி வாய் மூடவில்லை, காலைத் தூக்கித் தொம்மென்று மிதித்தது. நான்கு குட்டிகளும் வீலென்று அழுதன.

"மெதுவாக அண்ணா," என்றாள் வெள்ளெலி. "இப்போதுதான் தூங்க வைத்தேன்."

நீதி: சேதி வரவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று இருந்துவிடாதே, சேதி சொல்ல இன்னொரு வழியையும் பழகி வைத்துக்கொள்.