ஏறுகிறவன் பின்வாங்கக் கூடாது

எந்தக் காலம் என்று கேட்டால் தெரியாது. முன்னொரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலைநாட்டு ராஜா உச்சிக் கோயிலுக்கு மூச்சு வாங்க ஏறியபோது, எதிரே இறங்கிய ஆட்டு மந்தை அவரைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்க வைத்துவிட்டது. அன்றே ஆணை போட்டார்: “மலைப்பாதையில் ஏறுகிறவருக்கே வழி. ஏறுகிறவர் ஓர் அடியும் பின்வாங்கக் கூடாது. மீறினால் நாடு கடத்தல்.”

அமைச்சர் மழவராயருக்கு விகடகவி கூத்தபிரான்மேல் வெகுநாள் எரிச்சல். மறுவாரம் ராஜா கோயிலிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து, “ராஜா அழைக்கிறார், உடனே மேலே வா” என்று அவனுக்கு ஆள் அனுப்பினார்.

ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம். ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய வளைவில் ராஜாவும் விகடகவியும் நேருக்கு நேர் நின்றார்கள். ராஜாவுக்குப் பின்னால் மழவராயர். அவருக்குப் பின்னால் அவையினர் இருபது பேர்.

“கூத்தபிரானே, பின்னால் போ.”

“உத்தரவு, மகாராஜா.” காலைத் தூக்கினான்.

“ஆகா! ஏறுகிறவன் பின்வாங்குகிறான்! ஆணையை மீறுகிறான்!” என்றார் மழவராயர்.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

“மன்னர் சொல்லியும் நகராமல் நிற்கிறான்! திமிரைப் பாருங்கள்!”

ராஜாவுக்குத் தலை சுற்றியது. “சரி, நானே இரண்டடி...”

“அரசர் பின்வாங்குவதா? பகைநாட்டார் சிரிக்கமாட்டார்களா?”

“அப்படியானால் என்னதான் செய்வது?”

“விகடகவி சொல்லட்டும். பெரிய புத்திசாலி அல்லவா!”

கூத்தபிரான் கீழே எட்டிப் பார்த்தான். போனாலும் நாடு கடத்தல், நின்றாலும் நாடு கடத்தல். பள்ளத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது. ஆணையைச் சொல் சொல்லாக மனத்தில் புரட்டினான். அதற்குள் தாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று ராஜாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“பொறுத்தருள வேண்டும், மகாராஜா!” என்று திடீரென ராஜாவை இறுகக் கட்டிக்கொண்டான் கூத்தபிரான். கட்டிக்கொண்டபடியே, பாதம் பாதமாக நகர்த்தி அரைவட்டம் சுற்றினான். ராஜா கண்ணைத் திறந்தபோது அவர் கீழ்ப்பக்கம் நின்றார், அவன் மேல்பக்கம்.

“தேன்குடம் சுமக்கிறவர்கள் இந்த வளைவை இப்படித்தான் கடக்கிறார்கள். நானும் பின்வாங்கவில்லை, தாங்களும் பின்வாங்கவில்லை.”

ராஜா தம் கால்களையும் அவன் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். “அது சரி, நீ எதற்காக மேலே ஏறினாய்?”

“தாங்கள் அழைத்ததாகச் சொன்னார்கள்.”

“நான் அழைக்கவே இல்லையே!”

மழவராயர் பருந்தைப் பார்த்தார்.

“ஓகோ,” என்றார் ராஜா. “சரி, திரும்பி வா, கீழே போகலாம்.”

“ஏறுகிறவன் பின்வாங்கக் கூடாதே, மகாராஜா!” வியர்வை சொட்டச் சொட்ட மழவராயர் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தான் கூத்தபிரான். “வாருங்கள், அமைச்சரே. உங்களுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் இருக்கிறார்கள்.”

ராஜா பாறையில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றினார். “மழவராயரே, இதை அவன் கழுத்தில் போட்டுவிட்டு, நன்றாக இறுகக் கட்டிக்கொள்ளும்!”