பல்லக்குக்கு ஒரே தலைவன்

வேங்கைமலையை ஆண்ட வல்லபராயருக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் "இதற்குத் தலைவன் யார்?" என்று கேட்பார். ஆட்டு மந்தையைப் பார்த்தாலும் கேட்பார், எறும்புச் சாரியைப் பார்த்தாலும் கேட்பார். வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது ராஜாக்களுக்கு வருவதுதான் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

ஒருநாள் பல்லக்கில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். எட்டுப் பேர் தூக்கினார்கள். பல்லக்குத் தூக்குவதில் ஒரு சங்கதி உண்டு. பின்னால் வருகிறவர்களுக்குப் பல்லக்குதான் தெரியும், பாதை தெரியாது. அதனால் முன்கொம்பைப் பிடித்தவன் "கல்லு!", "பள்ளம்!" என்று வழி சொல்லிக்கொண்டே போவான். மற்றவர்கள் "ஆச்சு!" என்பார்கள்.

அன்று வழி சொன்னவன் கொம்பையா. ஒல்லியான ஆள், திக்குவாய் வேறு. "ப... ப... பள்ளம்!" என்றான். அவன் சங்கதி தெரிந்தவர்கள் முதல் 'ப'விலேயே காலை எட்டிப் போட்டுவிட்டார்கள். பல்லக்கு ஆடவே இல்லை.

ராஜா தலையை வெளியே நீட்டினார். "இவன்தான் உங்கள் தலைவனா?"

"இன்னிக்கு அவந்தான் மகராசா," என்றான் மூத்தவன் சங்கிலி. "நேத்து நான். நாளைக்கு வேற ஆளு."

"அது எப்படியடா?"

"புதுசா வர்றவனை நடுவுல விட்டுருவோம். தோளு காய்ச்சுப் போற வரைக்கும் அவன் பாரத்தை நாங்க வாங்கிக்கிடுவோம். அப்புறம் முன்னால நிறுத்திருவோம். இந்தக் கொம்பையா வந்த புதுசுல ஆளைக் கண்டா வாயே தொறக்க மாட்டான். இப்பப் பாருங்க, எங்களையே விரட்டுதான்!" சங்கிலிக்கு முகமெல்லாம் பெருமை.

பக்கத்தில் குதிரையில் வந்த தளவாய் வெங்கடாத்ரி ராஜாவின் காதோரம் குனிந்தார். "அரசே, இன்று பல்லக்குக்கு முறை வைக்கிறார்கள். நாளை சிம்மாசனத்துக்கு முறை வைப்பார்கள்."

ராஜா பல்லக்கை நிறுத்தச் சொன்னார். அங்கேயே ஆணை பிறந்தது. இனி பல்லக்குக்கு ஒரே தலைவன், தளவாயின் மருமகன் அச்சுதன். வழியில் அவனைத் தவிர வேறு யார் வாயைத் திறந்தாலும் தடவைக்குப் பன்னிரண்டு கசையடி. கொம்பையாவுக்கு அடி நாளைச் சாயங்காலம், அரண்மனை வாசலில்.

"அவன் வாயைத் திறந்தபோது ஆணையே இல்லையே, அரசே?" என்றார் கூடவே வந்த உச்சிமாகாளி. இவர் சபையின் விகடகவி. ராஜாவிடம் எதையும் கேட்கிற உரிமை இவருக்கு மட்டும்தான்.

"ஆணை வருவதற்கு முன்பே மீறியிருக்கிறான். அது இன்னும் பெரிய குற்றம்," என்றார் தளவாய்.

ராஜாவும் அது சரியென்று தலையாட்டினார்.

உச்சிமாகாளி கொம்பையாவைத் தேடிப் போனார். அவன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மற்ற ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அ... அடியைத் தாங்கிக்கிடுவேன் ஐயா," என்றான் கொம்பையா. "அதுக்கப்புறம் எனக்கு வா... வாயைத் தொறக்க வருமான்னுதான் பயமா இருக்கு."

உச்சிமாகாளி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "நாளைக்கு எல்லாரும் ஆணைப்படி நடங்கப்பா. இம்மி பிசகக் கூடாது. வேறொன்றும் செய்ய வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ராஜா தோட்டத்துக்குக் கிளம்பினார். அச்சுதன் புதுத் தலைப்பாகையோடு குதிரையில் முன்னால் நின்று "நட!" என்றான். நடந்தார்கள். ஒரு கல் வந்தது. யாரும் சொல்லவில்லை. பின்னால் இருந்தவன் தடுக்கினான், ராஜாவின் நெற்றி சட்டத்தில் மோதியது.

"பரவாயில்லை," என்றார் ராஜா, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "ஒழுங்கு வந்துவிட்டது பார்த்தீர்களா?"

குளக்கரைக்கு வந்தார்கள். ஒரு நாரை படபடவென்று எழும்பியது. அச்சுதனின் குதிரை மிரண்டு, தலைவனையும் சுமந்துகொண்டு லாயத்தைப் பார்த்துப் பறந்துவிட்டது. தலைவர் கடைசியாகச் சொன்னது "நட". பாதை வளைந்தது. வளையச் சொல்ல ஆளில்லை. எட்டுப் பேரும் நேராகப் படித்துறையில் இறங்கினார்கள்.

"நில்லுங்கடா!" என்றார் ராஜா.

நடந்தார்கள்.

"நில்லு! ஐயோ, நில்லு! எங்கேடா போகிறீர்கள்?"

தண்ணீர் ராஜாவின் இடுப்புக்கு வந்தது. கரையில் நின்ற உச்சிமாகாளியைப் பார்த்து, "நீராவது சொல்லுமேன்!" என்று அலறினார். உச்சிமாகாளி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் முதுகைத் தொட்டுக் காட்டினார்.

தண்ணீர் ராஜாவின் நெஞ்சுக்கு வந்தது. கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை.

"நி... நி..."

முதல் 'நி'யிலேயே ஏழு பேரும் நின்றார்கள். பிறகு "இ... இடது!" என்றான், "ப... படி!" என்றான். ஈரம் சொட்டச் சொட்டப் பல்லக்கு கரையேறியது.

சாயங்காலம் அரண்மனை வாசலில் கூட்டம். கசைக்காரன் தயார். "கொம்பையா குளத்திலும் வாயைத் திறந்திருக்கிறான். அதையும் சேர்த்துப் போட வேண்டும்," என்றார் தளவாய். ராஜா தும்மினார். ஆணையை மாற்றினால் கௌரவம் போய்விடுமே என்று அவருக்கு யோசனை.

உச்சிமாகாளி முன்னால் வந்து வணங்கினார். "தளவாய் சொல்வது நியாயம் அரசே. ஆணை ஆணைதான். ஆனால் வரிசை தப்பக் கூடாது. குளத்தில் கொம்பையாவுக்கு முன்னாலேயே வேறொருவர் வாயைத் திறந்துவிட்டார். எத்தனை தடவை என்று என்னால் எண்ண முடியவில்லை, மூச்சுவிடாமல் கூவினார். முதல் அடி அவருக்குத்தான் சேர வேண்டும்."

"யாரய்யா அது?" என்றார் ராஜா.

"சொல்கிறேன் அரசே. அதற்குள் தாங்கள் அந்த மேலங்கியைக் கழற்றி வைத்தால், கசைக்காரனுக்குச் சௌகரியமாக இருக்கும்."

ராஜா கசைக்காரனைப் பார்த்தார். கசைக்காரன் ஆகாயத்தைப் பார்த்தான். திடீரென்று ராஜா வெடித்துச் சிரித்தார், தும்மலும் சிரிப்புமாகக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆணை அங்கேயே ரத்தானது. உச்சிமாகாளிக்கு ஒரு சால்வை கிடைத்தது, அதை அவர் கொம்பையாவின் தோளில் போட்டார். அச்சுதனைப் பல்லக்கின் நடுவில் தூக்க விடச் சொல்லி உத்தரவாயிற்று.

"ப... பயப்படாதீங்க தம்பி," என்றான் கொம்பையா அச்சுதனிடம். "பாரத்தை நாங்க வாங்கிக்கிடுதோம்."