இடது இறக்கை

"மாஸ்டர், இந்தக் கறையை எப்படிங்க எடுக்கறது?"

வந்ததும் வராததுமாக ரங்கநாயகி கேட்ட கேள்வி இது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். துண்டைப் பிரித்து, உள்ளே இருந்ததை மேசைமேல் வைத்தாள்.

ஒரு பிளாஸ்டிக் விமானத்தின் இடது இறக்கை. ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். நடுவில் பசை காய்ந்து கட்டியாக, பளபளவென்று, அசிங்கமாக ஒரு கறை.

திருமூர்த்திக்கு முப்பத்து மூன்று வயது. பிழைப்புக்குப் பல் செட் செய்கிறவர். சிங்காநல்லூரில் ஒரு மாடியில் அவருடைய லேப். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, பக்கத்துப் பல்லுக்குப் பொருத்தமாகப் புதுப் பல்லுக்கு நிறம் ஏற்றுவார். சனிக்கிழமைகளில் அந்த வேலையை மூடி வைத்துவிட்டுப் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் பழைய பிளாஸ்டிக் விமான கிட்டுகளை ஒட்டிக் கட்டுவார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

ரங்கநாயகிக்கு ஐம்பத்தெட்டு. மில்லில் முப்பது வருஷம் துணி செக்கிங். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு அறுந்த இழை வெளியே போனதில்லை. அவள் நடந்து வந்தாலே தறிக்காரர்கள் தங்கள் துணியை இன்னொரு தரம் பார்த்துக்கொள்வார்கள்.

"எடுக்கலாமுங்க்கா" என்றார் மாஸ்டர். "மொதல்ல அது என்னன்னு பார்க்கோணும்."

"என்னத்தைப் பார்க்கறதுங்க? கறை. நான் வெச்ச கறை. உப்புத்தாள் ஒண்ணு குடுங்க, நானே தேச்சுக்கறேன்."

மாஸ்டர் மேசை டிராயரை இழுத்தார். உள்ளே விதவிதமாக உப்புத்தாள். அவள் நன்றாகப் பார்க்கும்வரை திறந்து வைத்திருந்துவிட்டு, மூடினார்.

"பார்த்ததுக்கு அப்பறம் தர்றேனுங்க."

"கண்ணை மூடினா அதுதான் தெரியுது. அம்பத்தோரு வருசமாப் பார்த்துட்டுத்தான் இருக்கறேன்."

"கண்ணைத் தொறந்துங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னப் பையன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

"மத்ததெல்லாம் எங்கீங்க?" என்றார் மாஸ்டர்.

பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. போன வருஷம் அம்மா செத்த பிறகு, அவளுடைய டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்கும் கீழே கிடைத்தது. ஹன்டர் என்கிற போர் விமானம். வலது இறக்கை, உடம்பின் இரண்டு பாதிகள், மூன்று சக்கரம், சீட்டுக்கு மேலே வருகிற கண்ணாடி மூடி, எல்லாம் இருந்தன. விமானத்தின்மேல் ஒட்டுகிற வட்டங்களும் எண்களும் அச்சடித்த தாள் மட்டும் மஞ்சள் முக்கியெடுத்தது போல் இருந்தது.

மாஸ்டர் அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார்.

"இது எதுக்குங்க?"

"வெயில் மஞ்சளைத் தின்னுருமுங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"அது வெயிலைத்தானுங்க கேக்கோணும்."

அடுத்த சனிக்கிழமை அவள் உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டினாள். கோடு நூல் பிடித்தாற்போல வந்தது.

"இப்ப உப்புத்தாள்" என்று கையை நீட்டினாள்.

"அந்தக் கறையை எப்ப வெச்சீங்க?"

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"எங்கப்பா சூலூர் ஏர் போர்ஸ்ல ஆபீசர்களுக்குச் சமையல். ஒரு ஆபீசர் மாத்தலாகிப் போறப்ப இந்தப் பெட்டியை எங்கண்ணனுக்குக் குடுத்துட்டுப் போனாரு. அண்ணன் பேரு குழந்தைவேலு. பன்னெண்டு வயசு. எனக்கு ஏழு."

"செரிங்க."

"இந்த இறக்கையோட ரெண்டு பாதியையும் ஒட்டி, காயட்டும், தொடாதேன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போனான். நான் தொட்டேன். வழிஞ்ச பசையில கட்டைவிரல் ஒட்டிக்கிச்சு. பயந்து இழுத்துப்போட்டேன்."

"அந்தப் பசை சும்மா ஒட்டறதில்லீங்க. பிளாஸ்டிக்கையே கரைச்சு ஒண்ணாக்கிரும்."

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அவன் வந்து பார்த்தான். அடிக்கலீங்க. அடிச்சிருந்தாத் தேவலை. காய் விட்டுட்டான்."

மாஸ்டர் தன் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க லைன் வீட்டுல காய்னா சுண்டுவிரலைத் தட்டிவிடறது. பழம்னா கட்டைவிரலோட கட்டைவிரலை ஒட்டோணும். அன்னைக்குப் பூராக் கட்டைவிரலை நீட்டிட்டு அவன் பின்னாலயே சுத்தினேன். திரும்பியே பார்க்கல."

"அப்பறமுங்க?"

"மூணாம் நாள் அவனுக்கு மஞ்சக்காமாலைன்னாங்க. எனக்கும் ஒட்டிக்கும்னு சொல்லிப் பல்லடத்துல அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் திரும்பி வர்றப்ப அவன் இல்லீங்க."

துணியில் இருக்கிற குறையைப் படித்துச் சொல்வது போலத்தான் சொன்னாள். இத்தனை நீளம், இத்தனை அகலம் என்று. அழவில்லை. அழுது தீர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. தீராமல் இருந்தது இந்தக் கறை ஒன்றுதான்.

"இதைச் சமமாக்கிப்போட்டு, விமானத்தை முழுசாக் கட்டி, அவன் போட்டோவுக்குக் கீழ வெச்சரோணும். தப்பை எடுத்துட்டேன்டான்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அவ்வளவுதானுங்க நான் கேக்கறது."

மாஸ்டர் எழுந்து போனார். வேறொரு உடைந்த விமானத்தின் இறக்கையோடு வந்தார். பச்சைப் பெயிண்ட் புத்தம்புதுசாக மின்னியது. கூடவே ஒரு சின்னக் குப்பியில் டர்பன்டைன், ஒரு மூடியில் கறுப்புப் பெயிண்ட்.

"இதுக்கு வயசு ஏத்திட்டு வாங்க."

"என்னுங்க?"

"பறந்து பறந்து பழசானாப்புல ஆக்கோணும். கறுப்பைத் தண்ணியாக் கரைச்சுத் தடவித் தொடைக்கறதுதான்."

நான் கேட்டது என்ன, இவர் கொடுப்பது என்ன என்று புலம்பிக்கொண்டே அவள் படி இறங்கினாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து செய்தாள். மூலை முடுக்கெல்லாம் ஒரே அளவு கறுப்பு. ஓர் இடம் கூடுதல் இல்லை, ஓர் இடம் குறைச்சல் இல்லை. மில்லாக இருந்தால் முதல் தரம் என்று முத்திரை குத்தியிருப்பாள்.

மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுப்புக்குள்ள விழுந்து எந்திரிச்சாப்புல இருக்குதுங்க."

ரங்கநாயகிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னுங்க குறை? எடுத்துக் காட்டுங்க."

"நீங்க சூலூர்ல இருந்து டவுன் பஸ்லதான வர்றீங்க?"

"ஆமா."

"உள்ள புடிக்கற கம்பியெல்லாம் இருக்குமில்ல, அதுல எது பளபளன்னு இருக்குது?"

அங்குலத்துக்கு இத்தனை இழை என்று எண்ணிச் சொன்ன கண்கள் அவளுடையவை. வருஷக்கணக்காகப் போய் வருகிற பஸ்ஸில் எந்தக் கம்பி மின்னும் என்று தெரியவில்லை. அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை அது அவளை அறுத்தது.

அடுத்த சனிக்கிழமை செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"படிக்கிட்ட இருக்கற கம்பிங்க. தோள் உசரத்துல ஒரு சாண். மேலயும் கீழயும் பெயிண்ட் அப்படியே இருக்குது. அந்த ஒரு சாண் மட்டும் வெறும் இரும்பு, கண்ணாடியாட்ட."

"செரிங்க."

"கடைசி சீட்டு ஜன்னலோரம், தகரத்துல ஒரு எண்ணெய்க் கறை. யாரோ டெய்லி தலை சாச்சுத் தூங்கிட்டே போற எடம். முன்னயாட்ட இருந்தா, இதை மொதல்ல தொடைங்கடான்னு சத்தம் போட்டிருப்பேன்."

"இப்பங்க?"

"இப்ப, அந்த ஆளு எந்த ஊர்ல இறங்குவான்னு இந்த வாரம் பூரா யோசிச்சுட்டே இருந்தேன்."

மாஸ்டர் முதல்முறையாகச் சிரித்தார். அவருடைய சொந்தப் பற்கள் கோணல்மாணல் என்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

அன்று அவள் உப்புத்தாள் கேட்கவில்லை. பையிலேயே இருந்தது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்காத பொருளா அது? அவளே அதை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"நேத்து வாங்கிட்டேனுங்க. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது?"

"தேச்சீங்களா?"

"வெச்சுத் தேய்க்கத்தான் போனேன். இறக்கைமேல உப்புத்தாளை வெச்சாச்சு. அப்பப் பார்த்து அந்த எண்ணெய்க் கறை ஞாபகம் வந்துருச்சு. இது யாரு தலை சாச்ச எடமோன்னு தோணுச்சு. கிறுக்குத்தனம். என்னோட விரல்தான்னு எனக்குத் தெரியாதா?"

மாஸ்டர் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் அவள் கொண்டுவந்திருந்த குழந்தைவேலுவின் இறக்கையை வைத்தார். கறுப்பை டர்பன்டைனில் கரைத்து, தூரிகையை அவள் கையில் கொடுத்தார்.

"இன்னைக்குப் பார்த்தரலாமுங்க. தேய்க்கறதுக்கு முந்தி இப்படித் தடவினா மேடு பள்ளமெல்லாம் தெரிஞ்சுரும். பல்லுலயும் நான் இப்படித்தான் பார்ப்பேன்."

அவள் தடவினாள். கறுப்பு இறக்கையின் கோடுகளுக்குள் எறும்புச் சாரையாக ஓடியது. கறையின்மேல் வந்ததும் பரவி நின்றது.

"தொடைங்க. முன்னால இருந்து பின்னால. காத்துப் போற பக்கமா."

பருத்தித் துணியை அவள் ஒரே வீச்சில் இழுத்தாள். துணி அவள் கைக்குத் தெரிந்த பொருள்.

கோடுகளில் கறுப்பு நின்றது. கறையிலும் நின்றது. ஆனால் கறை இப்போது கட்டியாக இல்லை. மெல்லிய வளையங்கள். வளையத்துக்குள் வளையம்.

"என்னோட விரலுங்க" என்றாள். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டைவிரல். பயந்து இழுத்ததில் ஒரு பக்கம் கலைந்துபோயிருந்தது.

மாஸ்டர் தன் தலையில் மாட்டியிருந்த பல் பார்க்கும் லென்ஸைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார்.

"அதுக்கு மேலயுங்க்கா."

அவள் இறக்கையை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கண்ணாடியில் ஒட்டிய தாள் எப்போதோ வெளுத்துப் பால் வெள்ளையாக ஆகியிருந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சின்ன விரலின் நுனிக்கு நேர் எதிரே இன்னொரு விரல் இருந்தது. கொஞ்சம் பெரியது. இது கலையவில்லை. ஒவ்வொரு வளையமும் எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது.

"தவறிப் பட்டதா இருக்குமுங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

முப்பது வருஷம் துணி பார்த்த கண் மெதுவாக ஊர்ந்தது.

"இல்லீங்க. பட்டிருந்தா இழுபட்டிருக்கும். இது நேரா வெச்சு, பொறுமையா எடுத்தது. பசையும் வேற சொட்டு." லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "என்னோட விரலோட ஓரத்துமேல ஏறி நிக்குது பாருங்க. அது காஞ்சதுக்கு அப்பறம், வேணும்னே புதுசா ஒரு சொட்டு விட்டு..."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பல்லடத்துக்கு அனுப்பிய பிறகு அவன் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அந்தக் காமாலையோடு பசை டியூப்பைத் தேடி எடுத்திருக்கிறான். தனியாக. அவள் அங்கே அத்தை வீட்டு வாசலில் அவன் கோபம் தீர வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த நாள்கள் அவை.

மாஸ்டர் டிராயரைத் திறந்தார். நல்ல உப்புத்தாளாக ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"பார்த்தாச்சுங்க. சொன்னாப்புல, இந்தாங்க."

அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள். இரண்டு முறை துடைத்தாள். பிறகு அதைக் கொண்டுபோய் அந்தப் பெரிய விரலின்மேல் வைத்தாள்.

அண்ணனுடைய விரல் அவள் விரலுக்குள் அடங்கிப்போயிற்று.

"பழம்டா" என்றாள்.