மதினிக்கு நின்றுவிட்டது

கீழப்பாறையில் பந்தல், நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடும் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து. மூவருக்கும் சேர்த்து ஒரு புத்தி இருந்தது. அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் தகராறு. மூத்தவனுக்கு மட்டும் கல்யாணமாகியிருந்தது. அந்தப் பாவம் செய்தவள் பெயர் சொர்ணக்கிளி.

சொர்ணக்கிளிக்கு ஐம்பது நெருங்கியது. சும்மா இருக்கும்போதே நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். வேர்வை முதுகில் ஆறாக ஓடும். தூக்கம் போய்விட்டது. உப்பு டப்பாவைக் காணோம் என்று அழுதாள். கிடைத்ததும் அதற்கும் அழுதாள். ஒரு வருஷமாக வீட்டில் சொல்லிப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துக் குளி என்றார்கள். கடைசியில் அவளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். மூன்று முத்துகளும் துணைக்குப் போய், அங்கே இருந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

டாக்டரம்மா நல்லவர்தான். அவளைப் பரிசோதித்து, ரத்தம் எடுத்து, மாத்திரை எழுதினார். பிறகு ஆண்களைக் கூப்பிட்டு, இது வியாதியில்லை, மாதவிடாய் நிற்கிற காலம், வீட்டில் ஆதரவு வேண்டும், அவள் பாரத்தை மூன்று பேரும் சுமக்க வேண்டும், எதையும் மூடி மறைக்காமல் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றார். மூவரும் தலையாட்டினார்கள். அவர் செய்த ஒரே தப்பு, அந்தத் தலையாட்டலை நம்பியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணக்கிளி உட்காரப் போனாள். சுடலைமுத்து நாற்காலியை இழுத்துக்கொண்டான்.

"இது நிக்கிற காலம்னு டாக்டரம்மா சொன்னாவல்லா? உக்காந்தா உடம்பு கெட்டுப் போகும்."

நிற்பது நானில்லை, மாதவிடாய் என்று அவள் விளக்கினாள். மூவரும் கூடிப் பேசினார்கள். மாதம் எப்படி நிற்கும், சித்திரை போனால் வைகாசி வந்துதானே தீருகிறது என்று இசக்கிமுத்து கேட்டான். பெண்களுக்குத் தனிக் காலண்டர் இருக்கலாம் என்றான் பேச்சிமுத்து. அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. ஆகவே நிற்க வேண்டியது மதினிதான் என்று முடிவாயிற்று. நாற்காலி, முக்காலி, மணை எல்லாம் குடோனுக்குப் போயின.

மறுநாள் பாரம். சமையலையும் துணி துவைப்பதையும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் அர்த்தம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அது வேலை, பாரம் என்றால் எடை என்று கணவன் திருத்தினான். மேடைப் பலகை ஒன்றில் அவளை நிறுத்தி, மூன்று பேரும் தோளில் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார்கள். பேச்சிமுத்து குள்ளம்; அவன் பக்கம் பலகை சாய்ந்தது. சொர்ணக்கிளி கணவன் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எதிரே வந்த ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சூடம் கொளுத்தினாள்.

திரும்பி வந்ததும் மூவரும் தோள்வலி என்று படுத்துவிட்டார்கள். தைலம் தேய்த்துவிட்டது சொர்ணக்கிளி. நின்றுகொண்டே. பாத்திரம் தொட்டியில் அப்படியே கிடந்தது. பாத்திரத்தைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லையாம்.

அடுத்த நாள் காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது மொட்டை மாடிக்குக் குழாய் ஸ்பீக்கர் ஏறியது. பேச்சிமுத்துவுக்குக் கல்யாண வீட்டுக் குரல்.

"அன்பார்ந்த பொதுமக்களே, நம்ம சொர்ணக்கிளி மதினிக்கு நின்றுவிட்டது. எதையும் மூடி மறைக்க விரும்பவில்லை. நின்றேவிட்டது. அனைவரும் வந்து ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

என்ன நின்றது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நிற்கக்கூடியது ஒன்றுதான் என்று நினைத்து, மாலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். சங்கு ஊதுகிறவரும் வந்தார். சுடலைமுத்து வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. நாங்கதான் காதுல வாங்கல."

கூட்டம் கதறியது. சங்கு முழங்கியது. ஈரத் தலையோடு சொர்ணக்கிளி வெளியே வந்தாள்.

விஷயம் விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு அவமானத்தில் மறுபடி சூடு ஏறியது. அப்போது பக்கத்து வீட்டுப் பூரணத்தம்மாள் முந்தானையால் அவளுக்கு விசிறிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கும் ரெண்டு வருஷமா இப்படித்தான் கிளி. வெளிய சொல்லல."

எனக்கும் என்றாள் இன்னொருத்தி. பெண்கள் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சொர்ணக்கிளி தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். யாருக்கு எங்கே சூடு ஆரம்பிக்கிறது, யார் யாரைக் கடித்துக் குதறுகிறார்கள் என்று பேச்சு போயிற்று. வரும் செவ்வாய்க்கிழமை எல்லோரும் சேர்ந்து டாக்டரம்மாவிடம் போவதென்று பேசிக்கொண்டார்கள். அவள் சிரித்துக்கூட விட்டாள்.

வெளியே மாலைகள் வீணாகக் கூடாது என்று முத்துகள் மூவரும் ஆளுக்கு நாலு போட்டுக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் சொர்ணக்கிளி அவர்களைக் கூப்பிட்டாள்.

"ஒரு வாரத்துக்கு மூணு பேரும் என் கண்ணுல படாதிய. காலைல காப்பி மட்டும் போட்டுக் குடுங்க."

மறுநாள் காலையில் ஆறு கால் வைத்த சாமியானாத் துணி ஒன்று அடுக்களையிலிருந்து கிளம்பி, சுவரில் ஒருமுறையும் நிலையில் ஒருமுறையும் முட்டிக்கொண்டு அவளிடம் வந்தது. ஓட்டை வழியாக ஒரு கை காப்பியை நீட்டியது. சர்க்கரை இல்லை. இருந்தாலும் அவள் போடாத காப்பி, ருசித்துக் குடித்தாள். சாமியானா திரும்பி வாசல் வழியே தெருவுக்கு இறங்கி, நேராகச் சாக்கடைக்குள் காலை விட்டது.

"ஏல பேச்சி, முன்னால போறவன் நீதான? பாத்துப் போகக் கூடாதா?"

"நான் கண்ண இறுக்க மூடியிருக்கேன்ணே."

"எதுக்குல?"

"நாம மதினி கண்ணுல படாம இருந்தாப் போதுமா? மதினி நம்ம கண்ணுல பட்டுட்டா?"

துணிக்குள் சற்று நேரம் யோசனை நடந்தது. பிறகு மற்ற நான்கு கண்களும் மூடிக்கொண்டன போலிருக்கிறது. சாமியானா சாக்கடையை விட்டு ஏறி, நல்ல வேகத்தில் ஊர்க் குளத்தைப் பார்த்து நடந்தது.